அளவு பார்க்க வந்த சங்கு

தருவைத்துறையில் சங்கு கரையேறிய வருஷம், பங்குனி மாதத்து ஒரு காலையில், முதலில் அதைக் கண்டவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள்தான். கவிழ்த்துப் போட்ட தோணி ஒன்று தானாகக் கடலைவிட்டு வெளியே வருகிறது என்று நினைத்து, யார் வீட்டுத் தோணி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, பிறகு அதன் அடியில் பெரிய நாக்குப் போல ஒரு சதை மணலை நக்கி நக்கி நகர்வதையும், முன்னால் இரண்டு கொம்புகள் காற்றை முகர்ந்துகொண்டு ஆடுவதையும் கண்டு, "அட, சங்கு" என்று சொல்லிவிட்டு, வலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

தருவைத்துறைக்காரர்கள் அதிசயத்துக்கென்று அதிக நேரம் ஒதுக்குகிறவர்கள் அல்ல. அன்று சாயங்காலத்துக்குள் அதன் நிழலில் மீன் ஏலம் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் ஓட்டின் ஒரு பக்கத்தை ஒரு கட்சியும் மறுபக்கத்தை இன்னொரு கட்சியும் வெள்ளையடித்துப் பிடித்துக்கொண்டன. அது போன தடத்தில் படிந்த பசையைப் பூசினால் குதிகால் வெடிப்புக்குக் கேட்கிறது என்று பெண்கள் செம்பு செம்பாக வழித்துக்கொண்டு போனார்கள், அதே பசையில் வழுக்கி விழுந்த ஆண்கள் சங்கைத் திட்டாமல் தங்கள் செருப்பைத் திட்டினார்கள், பங்குச் சாமியார் தவக்காலத்துச் சிலுவைப்பாதையை அதைச் சுற்றித் திருப்பிவிட்டு, "ஆண்டவர் படைத்ததுதானே, அதுவும் ஒரு ஓரமாக வரட்டும்" என்று பிரசங்கத்தில் சொன்னார். சங்கின் விலாவில், ஆள் நெஞ்சு உயரத்தில், கடல் அரித்த துளை ஒன்று இருந்தது, மாவுச் சல்லடை அகலத்துக்கு, நல்ல வட்டமாக. பலகைக் கஸ்பாரின் பெட்டைக்கோழி ஒரு நாள் சங்கின் வாய்வழியாக உள்ளே போய், அந்தத் துளைவழியாக வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல மண்ணைக் கிளறியது. அவருடைய கொழுத்த கிடாவும் அதே வழியாக உள்ளே போனது. போனது போனதுதான், வெளியே வரவில்லை.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள், தொபியாஸைத் தவிர.

தொபியாஸ் சங்கு குளிக்கிறவன். குளியாளிக்கு நெஞ்சு அகலமாக இருக்க வேண்டும், அவனுக்கு அதற்குக் கீழே வயிறும் அகலமாக இருந்தது, அந்த வயிறு முழுக்க அவன் பெண்டாட்டி மெத்தில்டாவின் மீன்குழம்பு கட்டியது என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும். மூச்சடக்குவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அவன் முங்கி எழும்புவதற்குள் தோணியில் இருக்கிறவர்கள் ஒரு ஜெபமாலையை முடித்து, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுவார்கள் என்று பேச்சு. பயம் என்பது மற்றவர்களுக்கு வருகிற காய்ச்சல் என்று நினைத்திருந்தவன், சங்கின் கொம்புகள் தன் தெருப்பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து சோற்றில் கைவைத்துவிட்டு மறந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

காரணம் அவனுக்கு மட்டும் தெரியும். அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. குளித்துக் கொண்டுவந்த சங்குகளை மெத்தில்டாவின் அண்ணன் கஸ்பார் துளை போட்ட பலகையில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார். துளையில் மாட்டி நிற்பது பெரிய சங்கு, அது கரைக்கு. துளைக்குள் நழுவி விழுவது சின்னது, அதைக் கடல்தண்ணீர் வாளியில் போட்டு, எடுத்த இடத்திலேயே உயிரோடு கொண்டு விட்டுவிட வேண்டும். தொபியாஸ் வாழ்நாளில் ஒரே ஒரு குட்டிச் சங்கைப் பலகைக்குக் காட்டாமல் தலைத்துண்டுக்குள் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். மகள் எஸ்கலின் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பால் புகட்ட ஒரு சங்கு வேண்டும், பெரிய சங்கின் மூக்கில் பால் கொட்டும், குட்டிச் சங்கின் மூக்கில்தான் சொட்டும் என்பது அவன் எண்ணம். வெந்நீரில் போட்டுச் சதையை எடுத்தெறிந்து, ஓட்டைத் தேய்த்துத் தொட்டில்துணியில் முடிந்து வைத்தான். அதற்கு அடுத்த வாரந்தான் பெரியது கரையேறியது.

ஒரு வெற்றிலை மென்று துப்புவதற்குள் ஒரு விரற்கடை, அதுதான் அதன் வேகம். ஓடுகிற பாம்பை அடித்துவிடலாம், பாய்கிற நாயை விரட்டிவிடலாம், இப்படி ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக, கோபமில்லாமல், அவசரமில்லாமல், ஏலக்கூடத்தைத் தாண்டி, மாதா நிற்கிற கெபியைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி வருகிற ஒன்றை என்ன செய்ய? தொபியாஸ் குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு கடைசித் தெருவில் மைத்துனர் கஸ்பார் வீட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் சங்கின் கொம்புகள் கடைசித் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

கஸ்பார் வாசலில் நின்று மீசையைத் தடவினார். "மாப்ள, தங்கச்சி வீடு என் வீடு, என் வீடு தங்கச்சி வீடு. ஆனா கொம்பு இங்கன திரும்பிட்டே. இப்பந்தான் ஓடு மாத்துன வீடு, பாத்துக்கிடும்."

"போகச் சொல்லுதீரா மச்சான்?"

"நான் சொல்லுவனா? இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கங்கேன்."

திரும்பி வந்தார்கள், கொம்புகளும் திரும்பின. ஒரு மதியம், தெருவில் ஆளில்லாத நேரம், தொபியாஸ் குட்டிச் சங்கை எடுத்துப்போய்ப் பெரியதின் முன்னால் வைத்துவிட்டு, கைகூப்பி நின்றான். கொம்புகள் தாழ்ந்தன. குட்டியின் வாய்க்குள் ஒரு கொம்பு மெல்ல நுழைந்தது, துழாவியது, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தது. பிறகு அந்தப் பெரிய சதை, தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்து விடுவதுபோல அதன்மேல் ஏறி, தடவி, தாண்டி, தொபியாஸின் வீட்டைப் பார்த்து மறுபடியும் நகர்ந்தது. பசையில் நனைந்த குட்டிச் சங்கு முத்துப்போல மின்னிக்கொண்டு கிடந்தது. அவன் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, பின்னால் பார்க்காமல் நடந்தான்.

அந்த மினுக்கம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. மருமகளைப் பார்க்க வாழைப்பழச் சீப்போடு வந்த கஸ்பார், தொட்டில்துணிக்குள் மின்னியதை எடுத்துப் பார்த்தார், தொபியாஸைப் பார்த்தார்.

"இது எங்க உள்ளது மாப்ள?"

"கடல்ல உள்ளது."

"கடல்ல உள்ளதுன்னு எனக்கும் தெரியும்வே. என் பலகையில எப்பம் காட்டுனீரு?"

தொபியாஸ் தொட்டில்துணியை இழுத்து மடித்தான். கஸ்பார் தெருவுக்கு வந்தார். தோளில் எப்போதும் தொங்குகிற பலகையை எடுத்து, கூடியிருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, துளையில் சங்கை விட்டார். ஓரம் தொடாமல் நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை அவர் தொபியாஸின் கையில் திணித்தார். அவ்வளவு பேர் நின்ற தெருவில், சங்கு மண்ணை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பிள்ளைக்குப் பிள்ளை கேக்க வந்திருக்கா" என்று யாரோ ஒரு கிழவர் முணுமுணுத்தார். வேறொரு குரல், "சின்னதுன்னா கடலுக்கு. அதான நம்ம முறை?" என்றது. யார் என்று திரும்பிப் பார்க்க யாருக்கும் மனமில்லை, ஏனென்றால் அது எல்லோருடைய குரல் போலவும் இருந்தது. அன்றிலிருந்து எஸ்கலினுக்குப் பலகாரம் கொண்டுவருகிற பெண்கள் வரவில்லை. கண்டால் அவள் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தார்கள். ஒரு காலையில் வாசற்படியில் புதிதாக ஒரு பிரம்புக்கூடை இருந்தது, பச்சைப்பிள்ளை ஒன்றைப் படுக்கவைக்கிற அளவில், உள்ளே மெத்தென்று கடல்பாசி பரப்பி. மெத்தில்டா அதைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். பாசி எரிந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போகவே இல்லை.

வைகாசியில், வெயில் உச்சியில் நிற்கிறபோது எஸ்கலினுக்கு வலி எடுத்தது, அதே நேரத்தில் சங்கு வாசலை வந்து அடைத்தது. வீடு இருண்டது. மருத்துவச்சி இன்னாசியம்மா விளக்கை ஏற்றச் சொல்லிவிட்டு, "வாசல்ல எவ நின்னா நமக்கென்ன, நீ முக்கு மகளே" என்றாள். தொபியாஸ் கதவை உள்ளே தாழிட்டு, அதற்கு முட்டுக்கொடுத்து அம்மியை உருட்டி, அம்மிமேல் தானும் உட்கார்ந்துகொண்டான். கதவின் அடியில் மெல்லப் பசை கசிந்து வந்தது. அம்மி அசைந்தது. ஒரு விரற்கடை. இன்னொன்று. முதுகால் தள்ளத் தள்ள அவன் கால்கள் தரையில் வழுக்கிக்கொண்டே போயின. பிள்ளை அழுதது.

"பொட்டப்பிள்ளை!" என்று இன்னாசியம்மா கத்தினாள். கொடி அறுத்துத் துடைத்துத் பாயில் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்திவிட்டு, தாயின் பக்கம் திரும்பியிருப்பாள், அவ்வளவுதான். கதவு பிளந்து, பாய்க்கு அடியில் வழவழவென்று வந்த சதை, பாயோடும் துணியோடும் பிள்ளையை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனது. மெதுவாகத்தான் போனது, கண்ணெதிரே போனது. மெத்தில்டா பாயின் நுனியைப் பிடித்தாள், கை வழுக்கியது. தொபியாஸ் குறுக்கே விழுந்தான், அவனையும் ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டது. எஸ்கலின் எழுந்திருக்கப் பார்த்து விழுந்தாள். பிள்ளையின் அழுகை சங்கின் வாய்க்குள் போய், சுருளில் சுற்றிச் சுற்றி, தூரமாகி, நின்றுபோனது.

வெளியே சங்கின் விலாப்பக்கம் கஸ்பார் நின்றிருந்தார். துளையில் முதலில் இரண்டு சிவந்த பாதங்கள் தெரிந்தன, பிறகு தொடை, பிறகு முழுப்பிள்ளை. ஓரம் தொடாமல் நழுவி, அவர் ஏந்திய கையில் வந்து விழுந்தது, கழுவித் துடைத்தாற்போல, உப்பு மணத்தோடு. வாழ்நாளெல்லாம் பலகையில் சங்கு பார்த்த கை அது. என்ன நடந்தது என்பது மூளைக்கு முன்னால் அந்தக் கைக்குப் புரிந்தது.

"சின்னதை விட்டுட்டா!" அவர் குரல் உடைந்தது. "எல, எடுத்த எடத்துலயே விட்டுட்டாளே! கடலுக்குன்னா நம்ம முறை சொல்லுது? சின்னது எங்க உள்ளதோ அங்க. அதான முறை!"

பிள்ளை கையிலிருந்து கைக்கு மாறி, பின்வாசல் வழியாகத் தாய்மடிக்குப் போனது. கூடை வைத்த கை எதுவோ, அதுவும் அந்தக் கைகளுக்குள் இருந்திருக்கும். அப்புறம் மெல்ல மெல்ல எல்லோரும், சங்கு விலகிய வாசற்படியில் நின்ற தொபியாஸின் பக்கம் திரும்பினார்கள். முதலில் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு துளையைப் பார்த்தார்கள்.

"பின்வாசல் தொறந்துதான் கெடக்கு, ஓடிரும்" என்றாள் மெத்தில்டா, உதடு அசையாமல்.

"எங்க ஓட? நான் ஊர் ஊராப் போவேன், அவ விரற்கடை விரற்கடையா வருவா. வேண்டாம் பிள்ள." மடியிலிருந்த குட்டிச் சங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, படி இறங்கி, சங்கின் வாய்க்குள் குனிந்து நுழைந்தான். அவனுக்குப் பின்னால் அதன் மூடி, பெரிய வீட்டுக் கதவுபோல, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. துளைவழியாக அவன் தலை வந்தது. ஒரு தோளும் பாதி வந்தது. அதற்குமேல் வரவில்லை.

சங்கு திரும்பியது. வந்த தடத்திலேயே, உள்ளே ஏறிய பாரத்தால் வந்ததில் பாதி வேகத்தில், கடலைப் பார்த்து.

கடப்பாரையோடு வந்தவர்களைத் தடுத்தவன் தொபியாஸ்தான். "ஒடைக்காதீங்க. ஒரு வீட்டை நான் காலி பண்ணுனது போதும்." அதன்பிறகு ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. அவனுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார்கள், துளைவழியாகச் சீட்டு ஆடினார்கள், கட்சிக்காரர்கள் அவனிடமே ஓட்டும் கேட்டார்கள். எஸ்கலின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து துளையருகே நிற்பாள். அவன் கையை நீட்டி, குட்டிச் சங்கில் பாலை வாங்கி, பேத்தியின் வாயில் சொட்டுச் சொட்டாக விடுவான், நேற்று நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, நாளைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. எல்லோரும் சிரித்துப் பேசினார்கள், போகிற பக்கத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

ஆடி மாதத்தில், எல்லோரும் மறந்துபோன கஸ்பாரின் கிடா, எலும்பும் தோலுமாகத் துளைவழியாக வெளியே குதித்து, நேராக எதிர்வீட்டு முருங்கையைத் தின்னப் போனது. மெத்தில்டா கையிலிருந்த மீன்குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தாரும், கெடா வந்துட்டு."

"பாத்தேன்."

"கெடா வந்துட்டுன்னா மனுசன் வரமாட்டானா? இன்னையிலருந்து உமக்கு நீத்துத்தண்ணிதான்."

"அடியே, அந்தக் கொழம்பு..."

"கொழம்பை அந்தக் கெடாவுக்கு ஊத்துவேன், உமக்கு ஊத்தமாட்டேன்."

அவனைக் கட்டிய நாளிலிருந்து ஊட்டி ஊட்டி அகலமாக்கிய கைகள் இப்போது வடிகட்டிய கஞ்சித்தண்ணியை ஒரு குவளை நீட்டிவிட்டுப் பின்வாங்கின. அவன் கெஞ்சினான், திட்டினான், மாதாமேல் ஆணையிட்டான். காற்றில் அடுத்த வீட்டுப் பொரிச்ச மீன் வாசம் வந்தால் தலையைத் துளைக்கு வெளியே நீட்டி நாய்போல முகர்ந்தான். பசியில் கண்கள் குழிந்துபோன காலத்திலும் பேத்திக்குப் பால் விடுகிற நேரத்தில் ஒரு சொட்டை நக்கியவன் இல்லை. ஒரே ஒரு நாள் சங்கின் மூக்கில் ஒட்டியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான், வைத்ததும் பேத்தி அவனையே பார்த்தது, அதன்பிறகு அதுவும் இல்லை. வயிறு போனது. தாடை போனது. தினமும் கஸ்பார் வந்து, "வயிறு சரி மாப்ள, நெஞ்சுக்கூடுதான் இடிக்கி" என்பார். நெஞ்சு எலும்பு, அது நீத்துத்தண்ணியில் கரைகிறதா? சங்கு குழாயைத் தாண்டியது, கெபியைத் தாண்டியது, ஏலக்கூடத்தைத் தாண்டியது. ஐப்பசி மழையில் கடலும் எதிர்கொண்டு ஏறி வந்தது.

"பிள்ளைக்கும் தோள்தான்யா மாட்டும்" என்று இன்னாசியம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். முழங்கால் அளவு அலையில் நின்று, துளைக்குள் கைவிட்டு அவன் உடம்பெல்லாம் தேங்காயெண்ணெயை வழித்துப் பூசினாள். "ஒரு தோளை முதல்ல தா. அப்படி. இனி மறுதோளைச் சாய்ச்சு. ஏய்யா, முக்கு!"

ஒரு தோள் வந்தது. மறுதோளும் வந்தது. நெஞ்சு மாட்டிக்கொண்டது. அதற்குள் அலை துளைக்கு ஏறிவிட்டது. அவன் வாயில் உப்புத்தண்ணீர் பட்டதுதான் தாமதம், வாழ்நாளெல்லாம் எதைச் செய்தானோ, ஊரிலேயே யாருக்கும் வராத எதில் பெயர் வாங்கினானோ, அதையே செய்தான். மூச்சை இழுத்து அடக்கினான். நெஞ்சு தவில்போல உப்பியது. துளை அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் அவன் தலையை மூடியது. சங்கு நகர்ந்துகொண்டிருந்தது, விரற்கடை விரற்கடையாக, ஆழத்தைப் பார்த்து.

"மூச்சை விடும்!" என்று கரையே கத்தியது. தண்ணீருக்குள் இருக்கிறவனுக்கு என்ன கேட்கும்? கஸ்பார் அவன் ஒரு கையைப் பிடித்து இழுத்தார், எண்ணெயில் நழுவியது. எஸ்கலின் இடுப்பில் பிள்ளையோடு முன்னால் ஓடி வந்தாள், அலை அவளைத் தள்ளியது. மெத்தில்டா, நீச்சல் தெரியாத மெத்தில்டா, சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முங்கினாள்.

கலங்கிய தண்ணீரில் அவன் கண்கள் திறந்திருந்தன. தன் முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், அவன் பார்க்கும்படியாகத் தன் வாயிலிருந்த மூச்சையெல்லாம் மொத்தமாக விட்டாள். குமிழிகள் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு மேலே போயின. இனி அவளிடம் ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் இரண்டு கையையும் அவன் நெஞ்சில் வைத்து அமுக்கினாள்.

தொபியாஸ் மூச்சை விட்டான். ஒரு ஜெபமாலை நீளத்துக்கு அடக்கத் தெரிந்த மூச்சு முழுவதையும், மிச்சம் வைக்காமல். மடியிலிருந்த குட்டிச் சங்கு முடிச்சு அவிழ்ந்து, உள்ளே, சுருளின் ஆழத்துக்கு உருண்டு போனது. அவன் ஓரம் தொடாமல் வெளியே நழுவினான்.

கஸ்பார் இருவரையும் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். மெத்தில்டா இருமினாள். தொபியாஸ் அசையவில்லை. ஒரு குச்சிபோல, எண்ணெயும் பசையும் வழிய, கால்களை மடக்கிக்கொண்டு மணலில் கிடந்தான். இன்னாசியம்மா அவன் இரண்டு கணுக்காலையும் ஒரே கையில் பிடித்துத் தூக்கினாள், அவ்வளவு லேசாக இருந்தான். இன்னொரு கையால் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"அழுய்யா!"

அலையில் கடைசியாகத் துளையும் மறைந்தது.

"அழு!"

இரண்டாவது அறையில் தொபியாஸ் வாயைத் திறந்து, தருவைத்துறை முழுக்கக் கேட்கும்படி, வீறிட்டு அழுதான். அதன்பிறகுதான் பெண்கள் குலவை போட்டார்கள். எஸ்கலின் இடுப்பிலிருந்த பேத்தி, புதிதாக முளைத்த ஒற்றைப் பல்லைக் காட்டிக்கொண்டு, தன்னைவிடச் சின்னதாக ஒன்று கிடந்து அழுவதை வேடிக்கை பார்த்தது.